நிலைப்படியில் ஒரு நொடி

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே தரகர் என்றால், அவர் காதுக்குப் பின்னால் மறதிப் பொட்டு ஒன்றை ஒட்டியாக வேண்டும் என்பது சட்டம். ஒட்டிவிட்டால், ஒருவர் சொன்ன ரகசியம் அடுத்தவர் இருக்கும் அறையில் தரகருக்கு நினைவே வராது.

"அண்ணாச்சி, மகன் ஃபிளாட்ல நாயை விடமாட்டாங்க. வாசல்ல கிடக்க செவலையை வாங்குதவங்க வச்சுக்கிடுவாங்கன்னா ரெண்டு லட்சம் குறைச்சுக்கிடுதேன். இப்பமே சொல்லிராதீங்க, இன்னும் அடிச்சுப் பேசுவாங்க" என்றார், அடுக்களையில் நின்ற வீட்டுக்காரர் கோமதிநாயகம்.

கூடத்தில், வாங்க வந்த ஷர்மிளா குரலைத் தாழ்த்தினாள். "அந்த நாயும் இங்கயே இருக்கும்னா ரெண்டு லட்சம் கூடத் தரலாம் சார். தெரிஞ்சா விலையை ஏத்திருவாங்க, சொல்லாதீங்க."

இருவரும் இறங்கி வரவில்லை. பேச்சு முறியும் போலிருந்தது.

அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த நிலைப்படியில் மட்டும் தரகர் எபநேசருக்கு ஒரு நொடி இரண்டும் சேர்ந்து தெரியும். அடுத்த அடியில் அந்த நொடியும் மறந்துபோகும். ஆறாவது நடையில் அவர் அங்கேயே நின்று, வாசலைப் பார்த்து விசிலடித்தார்.

நாய் ஓடிவந்தது. அடுக்களையிலிருந்து ஒரு கையும் கூடத்திலிருந்து ஒரு கையும் பிஸ்கட்டோடு நீண்டன. நாயின் தலைக்கு மேல் இருவரும் ஒருவரையொருவர் வியப்பாகப் பார்த்துக்கொண்டார்கள்.

கூடத்துக்குள் காலெடுத்து வைத்த எபநேசர் முகம் சுளித்தார்.

"விலை பேசுத இடத்துல இந்த நாயை யாரு உள்ள விட்டது?"