படுக்காத மீன்

மீன் சந்தையில் வீசும் மிச்சத்தைத் தின்றே பல வருடம் வாழ்ந்த கொக்கு ஒன்று, சந்தையை மூடிவிட்டதால் பசியோடு ஏரிக்குத் திரும்பியது. மீன் பிடிப்பதே அதற்கு மறந்துபோயிருந்தது. காலருகே ஒரு கெண்டை நீந்தி வந்தது.

“நீ மீன்தானே? ஏன் அசைகிறாய்? மீனென்றால் ஐஸ் மேல் படுத்துக் கிடக்குமே!” என்றது கொக்கு.

கெண்டை சட்டென்று பின்வாங்கியது. “இங்கே நாங்கள் சாயங்காலம்தான் படுப்போம். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு ஆழத்துக்கு ஓடியது.

கொக்கு அதை நம்பி, ஒற்றைக் காலில் அசையாமல் காத்து நின்றது. வெயில் தாழ்ந்தபோது தண்ணீரில் ஓர் அயிரை மீன் பளிச்சிட்டது. அடுத்த கணம் அது கொக்கின் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கொக்கு திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தது.

“இது படுக்கவே இல்லையே! யார் பிடித்தது?”