ரசமட்டத்துக்கு அடங்காத வீடு

சிவயோகம் இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் வாங்கிய வீட்டைப் பற்றிச் சொந்தபந்தங்கள் பேசாத பேச்சில்லை. யாரோ ஒரு பிரபு வேட்டைக்கு வந்தால் தங்குவதற்கென்று அந்தக் காலத்தில் கட்டியது. ஓக்குமரச் சட்டங்களை மர ஆணிகளால் பூட்டி, இடையே களிமண்ணை அப்பியிருந்தார்கள். மரத்தை ஈரத்தோடு ஏற்றியதால் காயக் காய அது முறுகி, இன்று முழு வீடும் பந்தியில் இடம் தேடுகிறவரைப் போல ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

மகன் குகராஜ் சாய்வு பார்க்கும் ரசமட்டத்தோடு வந்து இறங்கினான். வீட்டை விற்று அம்மாவை லண்டன் மாடிக் குடியிருப்பில் வைப்பதென்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான், அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. ரசமட்டத்தை உத்தரத்தில் பிடித்தான். அதன் கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"பாத்தியளோ அம்மா? வீடு விழப்போகுது."

"ஓடினது குமிழிதானே தம்பி? வீடு நிண்ட இடத்திலைதான் நிக்குது."

"பகிடி விடாதேங்கோ. எல்லா மரமும் கோணல்."

"கோணலா ஒண்டையொண்டு பிடிச்சுக்கொண்டு நிக்குது. நீ ஒண்டை நிமித்தப் போனாத்தான் மற்றது விழும்."

"உங்கடை நன்மைக்குத்தான்..."

"விக்கத்தான் வாறாய் எண்டு உன்ரை மாமி போன கிழமையே போனிலை சொல்லிப்போட்டா. நான் இஞ்சையிருந்து அசையமாட்டன்."

குகராஜ் ரசமட்டத்தை உத்தரத்திலிருந்து இறக்கினான். சிவயோகம் அவன் கையிலிருந்த ரசமட்டத்தை வாங்கி, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலின் அடியில் செருகினாள். மேல் விளிம்பு வரை நிறைந்த தேநீர்க் கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இனி இருந்து தேத்தண்ணியைக் குடி. சிந்தாது."