முதல் சுற்று

“யாரு அந்த ரயிலை ஓட்டுறது? நிறுத்துங்க.”

தடதடவென்ற இரைச்சல் கேட்டு அலுவலகத்திலிருந்து ஓடி வந்தாள் ரச்சனீ. தாய்லாந்தின் ரோய் எட் ஊருக்கு வெளியே இருந்த அந்தச் சின்னக் கேளிக்கைப் பூங்கா அவள் கைக்கு வந்து அன்றுதான் முதல் நாள். வாசலில் நாற்பது பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். ஒருவரைக்கூட இன்னும் உள்ளே விடவில்லை. அதற்குள் பச்சை நாகத்தின் உருவத்தில் செய்த ரோலர் கோஸ்டர் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் பாய்ந்துகொண்டிருந்தது.

எட்டு இருக்கைகளில் எட்டு நெல் மூட்டைகள். ஒவ்வொன்றுக்கும் பெல்ட் மாட்டி, மேலே ஒரு சாமந்தி மாலை.

“சத்தம் போடாதீங்கம்மா, சாமி போறாரு,” என்றாள் டிக்கெட் கொடுக்கும் புப்பா. “முதல் சுத்து எப்பவும் அவருக்குத்தான்.”

“எந்தச் சாமி?”

“இந்த இடத்துக் காவல் சாமி. பெண்டாட்டி, பிள்ளைங்க, மச்சினன் எல்லாரோடயும் போறாரு. மாமியாரைக் கடைசியில உக்கார வெச்சிருக்கு பாருங்க, அங்கதான் தூக்கித் தூக்கிப் போடும். ஏற்பாடெல்லாம் நம்ம புன்லூ மாமாவோடது.”

ரயிலை ஓட்டும் புன்லூ, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குப்புற விழுந்து கிடந்தார். அறுபது வயதிருக்கும். கண்ணை மூடி, கன்னத்தை இரும்புத் தூணில் ஒட்டிவைத்து, எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ரயில் வந்து நின்றதும் எழுந்து புது முதலாளியம்மாவுக்குக் கை குவித்தார்.

“இன்னும் ரெண்டு சுத்து இருக்கும்மா.”

“மாமா, மணி ஒன்பதாகப் போகுது. பிள்ளைங்க வெயில்ல நிக்குதுங்க. கும்பிடணும்னா வாசல்லயே சாமிக்கு வீடு கட்டி வெச்சிருக்கு, அங்க போய் ஊதுபத்தி கொளுத்துங்க, நான் தடுக்கலை. ரயில்ல எதுக்கு ஊர்வலம்?”

“மூணு சுத்து போனாத்தான் அவருக்கு மனசு நிறையும்.”

“என் மனசு?”

“நீங்க சின்னவங்க, பொறுத்துப்பீங்க.”

புப்பா டிக்கெட் கட்டால் வாயை மறைத்துக்கொண்டாள்.

“பழைய முதலாளி இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டாரா?” என்று அவளிடம் திரும்பினாள் ரச்சனீ.

“சாமின்னா அவரு நடுங்குவாரு. பதிமூணு வருஷத்துல ஒரு நாள் தவறினதில்லை. டிக்கெட் கூண்டுல எனக்கு மின்விசிறி போட விடமாட்டாரு, சாமிக்கு மட்டும் ரயிலே ஓடும்.”

ரச்சனீ பெருமூச்சு விட்டுக் கையை நீட்டினாள். “சாவியைக் குடுங்க மாமா.”

அவர் கொடுக்கவில்லை.

“என்னை வேலையை விட்டு அனுப்புங்க, போயிடறேன். ஆனா மூணு சுத்து முடியாம ஒரு குழந்தையையும் இதுல ஏத்த விடமாட்டேன்.”

குரல் உயரவில்லை. சாவியை மட்டும் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வந்த அன்றே ஒரு பெரியவரைக் கலங்கவைக்க ரச்சனீக்கு மனம் வரவில்லை.

“சரி, சீக்கிரம் முடிங்க. இன்னிக்கு மட்டுந்தான்.”

இரண்டாம் சுற்று பாதியில் இருக்கும்போதே புன்லூவின் முகம் சுருங்கியது. ரயில் வந்து நின்றதும் மாலைக் கூடையோடு மூன்றாவது பெட்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

“இப்ப என்ன?”

“சாமிக்கு ஏதோ மனத்தாங்கல்,” என்றாள் புப்பா. “அடியில போய் மந்திரம் சொல்லிச் சமாதானப்படுத்திட்டு வருவாரு. சில நாள் அரை மணி நேரம்கூட ஆகும். ஒரு தடவை மூணு நாள் கோபம் தீரல, ரயிலே ஓடலை.”

பத்து நிமிடத்தில் அழுக்குச் சட்டையோடு வெளியே வந்தார். மூன்றாவது சுற்றும் போனது. பிறகு மூட்டைகளை ஒவ்வொன்றாய், தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி இறக்கிவிட்டு, அவரே வாசலைப் பார்த்துக் கையசைத்தார்.

அதற்கப்புறம் அவர் வேறு ஆளாக இருந்தார். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கேட்டார். ஒவ்வொரு பெல்ட்டையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். கடைசி இருக்கைதான் வேண்டுமென்று அடம்பிடித்த பெண்ணிடம், “அது சாமியோட மாமியார் சீட்டு, கேட்டுட்டுத்தான் உக்காரணும்,” என்றார். அவளும் பயபக்தியோடு கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

மதியம் அவரை ரச்சனீ அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். சீருடைச் சட்டையைக் கழற்றி மடித்து, அதன்மேல் சாவியை வைத்து, இரண்டு கையாலும் ஏந்தியபடி பனியனோடு வந்து நின்றார்.

“உக்காருங்க மாமா. நாளையிலேருந்து சாமிக்கு ரயில் கிடையாது.”

“ஒரே ஒரு சுத்தாவது விடுங்கம்மா. என் சம்பளத்துல வேணும்னாலும்…”

“முழுசாக் கேளுங்க. எங்கப்பா ஸ்கூல் வேன் ஓட்டினவரு. தினம் காலையில வெறும் வண்டியை ஊரைச் சுத்தி ஓட்டிப் பாத்துட்டுத்தான் பிள்ளைங்களை ஏத்துவாரு. மழையானாலும் விடமாட்டாரு. இங்கயும் இனிமே அதுதான் சட்டம். சாமிக்குக் குடுக்கிற நேரத்தை நீங்க ரயிலுக்குக் குடுங்க. ஓட்டிப் பாருங்க, சத்தம் சரியா இருக்கான்னு கேளுங்க. சந்தேகம் வந்தா அன்னிக்கு ரயில் ஓட வேண்டாம். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் கேட்க மாட்டேன். செய்வீங்களா?”

புன்லூ சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ரச்சனீ பதறி எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள். அவர் முகத்தை எடுத்தபோது கண்ணில் நீரும் வாயில் சிரிப்புமாக இருந்தது.

“அதைத்தாம்மா பதிமூணு வருஷமாச் செஞ்சுட்டிருக்கேன். பிள்ளைங்களுக்காக ஓட்டிப் பாக்கணும்னு கேட்டப்ப பழைய முதலாளி கரண்ட் வீண்னு முடியாதுன்னுட்டாரு. சாமிக்குன்னு கேட்டேன், குடுத்துட்டாரு.”