மேனேஜர் சார் இடம்

“கம்பெனியையே மூடியாச்சு. இன்னும் உங்க காருக்கு நிழல் கேக்குதா சார்?”

வக்கீல் கேட்டதும் கூடியிருந்த குடியிருப்புக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவள் நிஜ வக்கீல் இல்லை, கட்டடக்கலை மாணவி. எடுத்ததற்கெல்லாம் வாதாடுவதால் விழுந்த பட்டப்பெயர் அது. குடியிருப்புக்கு எதிரே பாழாய்க் கிடந்த கம்பெனி கார் நிறுத்துமிடத்தைப் பூங்காவாக்க அலைந்து அனுமதி வாங்கியது அவள்தான். படம் வரைந்ததும் அவள்தான். எங்கும் புல், நடுவே கூழாங்கல் பாதை. ஒரு பிடி தார்கூட மிஞ்சக் கூடாது என்பது அவள் கட்சி.

தாரைப் பெயர்க்க வந்த இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. கேட்டிலிருந்து அங்கிருக்கும் ஒரே மரம் வரை நீளும் முதல் இடத்தில், அதே குடியிருப்பில் இருக்கும் மேனேஜரின் பழைய கார் அசையாமல் நின்றது.

கம்பெனி ஓடிய காலத்திலும் அது அவர் இடம்தான். மற்றவர்கள் வண்டியெல்லாம் வெயிலில் வேகும்.

“இந்த ஒரு பட்டையை மட்டும் விட்டுடும்மா. மத்ததெல்லாம் பேர்த்துக்கோ.”

“காரணம் சொல்லுங்க, விட்டுடறேன்.”

அவர் அண்ணாந்து எதிர் மாடியைப் பார்த்தார். பிறகு கார்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“காரணமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. பழகிப்போச்சு.”

ஆபீஸ் போனாலும் ஆபீசர் போகலை என்று பின்னாலிருந்து கீழ்வீட்டு டெய்லர் எடுத்துக் கொடுக்க, மறுபடியும் சிரிப்பு. மேனேஜரின் காது சிவந்தது. கார் மட்டும் நகரவில்லை. இயந்திரக்காரருக்கு வேறு வேலை இருந்தது. காரைச் சுற்றி மற்றதைப் பெயர்த்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஆறவில்லை. மரத்து நிழல் என்ன அவர் பாட்டன் சொத்தா என்று அம்மாவிடம் பொரிந்து தள்ளினாள்.

இந்தப் பூங்காவே அம்மாவை நினைத்து முளைத்ததுதான். வாதத்தில் கால் விழுந்ததிலிருந்து அம்மாவுக்கு அந்த மாடி ஜன்னல்தான் உலகம். அதில் கறுப்புத் தாருக்குப் பதில் கொஞ்சம் பச்சை தெரியட்டுமே என்றுதான் இத்தனை ஓட்டமும்.

“விடுடி. மரத்தையா தூக்கிட்டுப் போகப் போறார்?” என்றாள் அம்மா.

“நீ ஊருக்கெல்லாம் பரிஞ்சு பேசு.”

அதன் பிறகு அவருக்கு வணக்கம் சொல்வதையே நிறுத்திவிட்டாள். அவர் லிப்டில் நின்றால் இவள் படியில் இறங்குவாள்.

பூங்கா திறக்கும் நாளும் வந்தது. பார்த்தால், காரைக் காணோம். காலையிலேயே நாலு பேரை வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டாராம். புல்லுக்கு நடுவே அந்தத் தார்ப்பட்டை மட்டும், அவள் படத்தில் யாரோ மை கொட்டிய மாதிரி. தூசி தும்பு இல்லாமல் யாரோ கூட்டிக்கூட வைத்திருந்தார்கள்.

“இன்னிக்காவது வெக்கம் வந்துச்சே மனுஷனுக்கு,” என்று டெய்லரிடம் சொல்லிவிட்டு, அம்மாவுக்குக் கையாட்ட நிமிர்ந்தாள்.

ஜன்னலில் அம்மா இல்லை.

பதறிப்போய்த் திரும்பினாள். கேட்டுக்குள் சக்கர நாற்காலி ஒன்று நுழைந்துகொண்டிருந்தது. தள்ளி வந்தவர் மேனேஜர். தார்ப்பட்டையின் மேல் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் உருண்டு போய் மரத்தடியில் நின்றது. அம்மா குனிந்து, பக்கத்துப் புல்லைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீல் கூழாங்கல் பாதையில் கால் இடற ஓடி வந்தாள்.

“சார்... அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்?”

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

“சொல்லக் கூடாதுன்னு உங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்கம்மா. ‘எனக்காக ஆசை ஆசையா வரைஞ்சிருக்கா. அதுல என் சக்கரத்துக்கு வழி விட மறந்துட்டோம்னு தெரிஞ்சா குழந்தை தாங்க மாட்டா’ன்னாங்க.”