விசாரிக்க வந்தவர்

"கம்பெனிக்கு வேவு பாக்குறவன் நீதான? மரியாதையா ஒத்துக்கய்யா."

சாமிக்கண்ணுவின் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்திருந்தவன் கம்பெனியை எதிர்க்கும் போராட்டக் குழுத் தலைவன். குடிகாடு கிராமத்தில் அவன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. முப்பது வயதுகூட இருக்காது.

"ஆள் மாறிப் பிடிச்சிட்டீங்க தம்பி. நான் சிதம்பரத்துக்காரன்."

"சிதம்பரத்துக்காரனுக்கு எங்க ஊரு டீக்கடையில என்ன வேல? காலையிலேர்ந்து ஒவ்வொருத்தரா வாயக் கிளறிக்கிட்டு இருக்க. பேரு கேட்டா முழிக்கிற."

சினிமாவில் என்றால் இந்நேரம் சுவர் ஏறிக் குதித்துத் தப்பியிருக்கலாம். சாமிக்கண்ணுவுக்கு முட்டிவலி. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் தங்கை மகள் எழிலரசியின் காரியம் கெட்டுப்போகுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இருசம்மாள் வந்தாள்.

"கம்பெனி கழிவு எங்க தண்ணியில கலந்துதான்யா எம் மவன் செத்தான். கடலூர்லேர்ந்து அதிகாரிங்க சோதனைக்கு வர்ற அன்னிக்கு மட்டும் வாய்க்கா சுத்தமா கெடக்குது. நாங்க கூடிப் பேசுறத எவனோ முன்னாடியே போய்ச் சொல்லிடுறான். அது நீதானா?"

சாமிக்கண்ணு இல்லையென்று தலையை ஆட்டினார்.

"இவன்கிட்ட என்ன பேச்சு? கையக் கால ஒடச்சி அனுப்புங்கடா," என்றான் தலைவன்.

நாலைந்து பேர் நெருங்கி வந்தார்கள். சாமிக்கண்ணு கைகூப்பினார்.

"சொல்லிடுறேன்யா. எந் தங்கச்சி மவளுக்கு இந்த ஊர்ல ஒரு வரன் அமைஞ்சிருக்கு. பையன நான் இன்னும் பாத்ததில்ல. எப்படின்னு, பேரச் சொல்லாம சத்தமில்லாம நாலு பேருகிட்ட விசாரிச்சிட்டுப் போவலாம்னு வந்தேன். மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா சம்பந்தம் முறிஞ்சிடும். அதான் வாயத் தொறக்கல."

இருசம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பொண்ணு வீட்டுக்காரரா? இதக் காலையிலயே சொல்லியிருந்தா இந்தப் பாடு உண்டா? யாரு வூட்டுப் பையன்?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"சடையப்பன் மவன் இளவரசு. இந்தக் கம்பெனியிலதான் மாசாமாசம் சம்பளமாம். ஊருக்குத் தெரியாமக் குடுக்குறாங்க, வெளிய சொல்லாதீங்கன்னு அவுங்க அம்மாவே சொன்னாங்க. அப்படி என்ன வேலைன்னுதான் எங்களுக்குப் புரியல."

அத்தனை கண்களும் தலைவன் பக்கம் திரும்ப, சாமிக்கண்ணுவின் காலரிலிருந்து இளவரசுவின் கை தானாக நழுவியது.