பச்சைப் போர்வை

“போர்வையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. தண்ணித் தொட்டி தெரியுது.”

மொட்டை மாடியில் பச்சைப் போர்வையை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி கணவன் நின்றான். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவன் பார்க்கும் வேலை இதுதான்.

“தெரிஞ்சாத்தான் என்ன?”

“காட்டுல எங்கேயாவது தொட்டி இருக்குமா?”

மூன்று வருடமாக ஒரு பத்திரிகைக்குக் காட்டு விலங்குப் படங்களாக அனுப்பி அலுத்துப்போயிருந்தாள் அவள். ஒன்றுகூட அச்சேறவில்லை. இன்று காலை ஆசிரியரே போன் செய்து, “அட்டைக்குக் குரங்கு படம் வேணும்மா, சாயங்காலம் ஆறு மணிக்குள்ள” என்றதும் தலைகால் புரியவில்லை. “அனுப்பிடறேன் சார்” என்று போனை வைத்துவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி வந்துவிட்டாள். காட்டுக்குப் போய்வர இரண்டு நாள் ஆகும். தினமும் மாடிக்கு வரும் குரங்குகள்தான் இன்றைக்குக் கதி.

ஆனால், அவை காட்டுக் குரங்குகளாக நடந்துகொள்ள மறுத்தன. ஒன்று குழாயைத் திறந்து தண்ணீர் குடித்தது. குடித்துவிட்டுப் பொறுப்பாக மூடவும் செய்தது. இன்னொன்று கொடியிலிருந்து அவனுடைய பனியனை உருவி மாட்டிக்கொண்டது.

“இங்க பாரேன், என்னைவிட அதுக்குத்தான் எடுப்பா இருக்கு. இதைப் படம் எடேன்” என்றான் கணவன்.

“விளையாடாதீங்க, மானம் போயிடும். முதல்ல அதுங்களை விரட்டுங்க.”

போர்வையை வீசி வீசி அவன் விரட்டினான். வேலை தெரிந்த குரங்குகள் எல்லாம் பக்கத்துத் தெருவுக்குத் தாவிப் போயின. கடைசியில் ஒரு தாய்க் குரங்கு மட்டும் குட்டியோடு மாடியை ஒட்டிய மரக்கிளையில் வந்து உட்கார்ந்தது. ஒரு வயரோ ஜன்னலோ தெரியாமல் நாலு மணிக்குப் படம் அமைந்தது. நடுக்காடு என்று சத்தியமே செய்யலாம். அனுப்பிவிட்டு மாடியிலேயே நகம் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து மணிக்கு ஆசிரியர் கூப்பிட்டார்.

“படம் பிரமாதம்மா. ஆனா, நான் பேசி முடிக்கிறதுக்குள்ள போனை வச்சுட்டீங்களே. ஊருக்குள்ள மனுஷங்களோட வாழப் பழகின குரங்குங்களைப் பத்தித்தான் கட்டுரை. நீங்க நகரத்து நடுவுல இருக்கீங்களேன்னுதான் உங்களைக் கேட்டேன். குழாயைத் திறக்கிறது, துணி போட்டுக்கிறது, அப்படி ஒண்ணு கிடைக்காதா? ஆறு மணி வரைக்கும் அட்டை உங்களுக்குத்தான்.”

அவள் கேமராவோடு படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

“ஏங்க, பனியன் போட்ட குரங்கை எந்தப் பக்கம் விரட்டினீங்க?”