எல்லா வரியும்

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் நிரலை கறுப்பு, வெள்ளை என்ற இரண்டு கணினிகள் மாறி மாறித் திருத்தி வந்தன. நிரலின் ஒவ்வொரு வரியும் முடியுமிடத்தில் ஒரு குறி போதும் என்பது கறுப்பின் கட்சி. இரண்டு வேண்டும் என்பது வெள்ளையின் கட்சி. கண்ணுக்கே தெரியாத குறிதான்; ஆனாலும் மானப் பிரச்சினை. கோப்பு கைக்கு வந்ததும் ஒவ்வொன்றும் முதலில் மற்றதன் குறிகளை மாற்றிவிடும்.

அன்று வெள்ளை அனுப்பிய கோப்பைக் காட்டி, "எல்லா வரியும் மாறியிருக்கு, பாருப்பா," என்றது கோப்புகளைச் சேர்த்துவைக்கும் சர்வர் கணினி.

"குறியை மாத்தியிருப்பான், வேறென்ன? ஏத்துக்கோ," என்றது கறுப்பு.

அந்த மாற்றங்களுக்கு நடுவே வெள்ளை கைதவறி ஒரு வரியையும் அழித்திருந்தது: தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்து.

மாலையில் தொட்டி நிரம்பி வழிந்து, கூரை ஒழுகி, கணினிகளின் மேசைமேல் தண்ணீர் சொட்டியது.

"எந்த வரி மாறிச்சு?" என்று இரண்டும் பதறின.

"எல்லா வரியும்," என்றது சர்வர்.